காலைத் தொலைக்க நாலு சந்து, ஒரு ராஜபாட்டை

வாய்யா மாப்ளே! திண்ணை எதுக்கு, அந்தச் சேர்லயே உக்காரு. கால் மேல கால் போட்டாத்தானே பட்டணத்து உத்தியோகக்காரன்னு ஊருக்குத் தெரியும்? போட்டாச்சா? சரி, மேல போட்ட காலோட முட்டிக்குக் கீழ, வெளிப்பக்கமாத் தடவிப் பாரு. உருண்டையா ஒரு எலும்பு தட்டுப்படுதா? அதுக்குக் கொஞ்சம் கீழ, எலும்பைச் சுத்தி ஒரு நரம்பு போகுது. பாதத்தை மேல தூக்கிப் பிடிக்கிறது அதோட வேலை. அந்த எடத்துல சதை கிடையாது, தோலும் கொஞ்சம் கொழுப்புந்தான். கடவுள் பூட்டுப் போட மறந்த எடம். காலைத் தொலைக்க இதுதான் மொதச் சந்து.

நீ பாட்டுக்கு இப்படியே செல்போனைத் தேய்ச்சுக்கிட்டு மணிக்கணக்கா நசுக்கு. எந்திரிக்கையில பாதம் தொங்கிப் போச்சுன்னா, முட்டியை உசரத் தூக்கித்தான் அடி வைக்கணும். செருப்பு நுனி சரக்கு சரக்குன்னு தரையை ஒரசும். டாக்டருங்க 'ஃபுட் டிராப்'புங்கிறாங்க. குத்துக்கால் வச்சே நாளெல்லாம் வேலை பாக்கிறவங்களுக்கும் இது வரும். அவங்களாவது வயித்துக்காக உக்காருறாங்க. பட்டினி கிடந்து மளமளன்னு எளைச்சாலும் வரும். நரம்புக்கு அணைவா இருந்த கொழுப்பும் சேந்து கரைஞ்சிரும்ல!

ரெண்டாவது சந்து, உன்னோட அந்தக் கூர்மூக்கு பூட்ஸு. அஞ்சு விரலையும் மூணு விரல் எடத்துல திணிச்சு நடந்துக்கிட்டே இரு. மூணாவது விரலுக்கும் நாலாவது விரலுக்கும் நடுவுல ஓடுற நரம்பு தடிச்சுப் போகும். உள்ள கல்லு கிடக்குன்னு பூட்ஸைக் கழட்டி உதறுவே. கல்லு இருக்காது. 1876லயே அமெரிக்காவுல மார்ட்டன்னு ஒரு டாக்டர் இந்த வலியை விவரமா எழுதி வச்சுட்டாரு. பூட்ஸு தைக்கிறவனுக்குத்தான் இன்னும் சேதி எட்டல.

மூணாவது, வரப்புல கால் பிசகுறது. பாதம் உள்பக்கமா மடங்கினா ஜவ்வு மட்டுமா இழுபடுது? வெளிப்பக்கத்து நரம்பும் சேந்துதான் இழுபடுது. மேல்பாதம் மரத்துக் கெடக்கும். அப்ப நீ ஆஸ்பத்திரிக்குப் போயிராதே. விளக்கெண்ணெய் போட்டு உருவுறதுக்கு நம்ம ஊர்ல ஆளா இல்ல? வீங்கின எடத்தை இன்னும் நாலு அமுக்கு அமுக்கினாத்தானே உருவுனவருக்கும் திருப்தி!

நாலாவது சந்து, காய்ச்சலுக்கு இடுப்புல போடுற ஊசி. புட்டத்துல மேல்பக்கமா, வெளிப்பக்கமாக் குத்தணும். எடம் மாறினா காலுக்குப் போற பெரிய நரம்புலயே எறங்கிரும். சுரீர்னு பாதம் வரைக்கும் பாயும். படிச்சவங்ககிட்டப் போனா செலவு, பாரு. கைராசி இருந்தாப் போதும்னு போ.

அப்புறம் என்ன, அவசரமே இல்ல. லேசா நசுங்கின நரம்பு சில வாரத்துல, இல்ல சில மாசத்துலயே முழிச்சுக்கும். உள்ள இழை அறுந்திருந்தா நாளைக்கு 1 மில்லிமீட்டர் அளவுலதான் வளரும். முட்டியில இருந்து கால்விரல் வரைக்கும் நீயே அளந்து கணக்குப் போட்டுக்கோ. முழுசாத் துண்டாயிருந்தா ஆபரேசன் பண்ணாம ஒட்டாது.

இதெல்லாம் சந்துதான். ராஜபாட்டையில போறவரு உங்கய்யா! சர்க்கரை வந்த புதுசுல "பாதம் எரியுது மச்சான்"னு ராத்திரியெல்லாம் பொலம்புனாரு. இப்ப "எரிச்சல் போயே போச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்"னு சிரிக்கிறாரு. நேத்துக் கடையில இருந்து வந்தவரு காலைப் பாத்தேன், ஒத்தைச் செருப்பு. இன்னொண்ணு வழியில கழண்டது அவருக்கே தெரியல! உள்ளங்கால்ல ஆணி ஏறி, ரத்தம் வந்து காஞ்சும் போயிருக்கு. எரிச்சல் போகல மாப்ளே, நரம்புதான் போயிருக்கு.

வலிங்கிறது காவல் நாய். கொலைச்சாத் தூக்கம் கெடும். கொலைக்காம கெடந்தா வீடே போயிரும். கொல்லிமலையில 1914ல பொறந்த பால் பிராண்டுன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர், வேலூர்ல தொழுநோய்க்காரங்களுக்கு வைத்தியம் பாத்தவரு, இதைத்தான் கண்டு சொன்னாரு. விரலு தானா அழுகி விழல, நரம்பு செத்து வலி தெரியாததால சுட்டும் நசுங்கியும் தேயுதுன்னு. அந்தக் கால்களுக்குக் குடுக்கிற மெத்துன்னு இருக்கிற எம்.சி.ஆர். ரப்பர் செருப்புதான் உங்கய்யாவுக்கும் வேணும். எம்.ஜி.ஆர். செருப்புன்னு கேட்டு மானத்தை வாங்கிராதே.

எங்கே, குதிங்காலை மட்டும் ஊனி, முன்பாதத்தைத் தூக்கி நாலடி நட பாப்போம்! ஒரு பக்கம் தூக்க முடியலன்னா நாளைக்கே நரம்பு டாக்டர்கிட்டப் போ. உங்கய்யாவையும் கூட்டிக்கிட்டுப் போ. சின்னதா ஒரு நைலான் இழையை உள்ளங்கால்ல ஊனி, உணர்ச்சி இருக்கா இல்லையான்னு அங்க சொல்லிருவாங்க. தினம் ராத்திரி கண்ணாடியைக் காலுக்கு அடியில பிடிச்சு, புண்ணு கிண்ணு இருக்கான்னு பாக்கச் சொல்லு. இத்தனை வருசமா முகத்தைப் பாத்து என்னத்தைக் கண்டாரு?