ஒத்துக்காத மோதிரம்: பாகம் பிரியாப் பொருள்களின் சாபவியல் குறித்து ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

சாபம் பிடித்த பொருள்களைப் பற்றி இதுவரை எழுதியவர்கள் வைரத்தோடு நின்றுவிட்டார்கள். மன்னன், கொள்ளையன், மகாராணி என்று ஆள்பலம் உள்ள கற்களுக்குத்தான் வரலாறு வாய்க்கிறது. திருவையாற்று ஓட்டு வீடுகளின் பரணிலும் இரும்புப் பெட்டியிலும் கிடக்கும் சாபங்களை எண்ணிப் பார்க்க ஆள் இல்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இக்கட்டுரை. ஆய்வு எல்லை: வடக்கே கொள்ளிடம், தெற்கே குடமுருட்டி, நடுவே காவிரி. தரவு தந்தோர்: அத்தை இருவர், பெரியம்மா ஒருவர், சித்தப்பா ஒருவர். இவர்களில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒப்புக்கொண்டதே இல்லை. ஆகவே, கலந்து பேசிச் சொன்ன சாட்சியம் என்று யாரும் ஐயுற இடமில்லை.

முதலில் கலைச்சொல். வீட்டுப் பொருளுக்குச் ‘சாபம்’ இருப்பதாக நம் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. அது மேடை நாடகத்துச் சொல். வீட்டில் வழங்குவது ‘ஒத்துக்கலை’. கத்திரிக்காய் ஒத்துக்கலை, சென்னைத் தண்ணீர் ஒத்துக்கலை, தாத்தாவின் நீலக்கல் மோதிரம் ஒத்துக்கலை. முதலாவதற்கு அரிப்பும் இரண்டாவதற்குச் சளியும் சான்று. மூன்றாவதற்கு என்ன சான்று என்பதே நம் வினா.

2. வகைப்பாடு

ஒத்துக்காத பொருள்கள் நால்வகைப்படும்: ஆடுவன, ஒலிப்பன, பூட்டுவன, அணிவன.

ஆடுவன என்பது ஊஞ்சல். ஆள் இல்லாத ஊஞ்சலை ஆட்டினால் வீட்டுக்கு ஆகாது. ஒலிப்பன என்பது வீணை. பலாமரத்தில் குடைந்த தஞ்சாவூர் வீணை வாசிப்பார் இல்லாமல் மூலையில் சாய்ந்திருந்தால் அதுவும் ஆகாது. ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியன்று ஊரே கூடிப் பஞ்சரத்தினம் பாடுகிற இடத்தில் உறை போட்ட வீணைக்கு மனத்தாங்கல் வருவது இயற்கைதான். பூட்டுவன என்பது சாவி தொலைந்த இரும்புப் பெட்டி. திறக்காத வரைக்கும் அதன் சாபம் வளரும். திறந்தால் கிஸ்தி கட்டிய ரசீதுகளாக மாறிவிடும்.

பாத்திரங்கள் இப்பட்டியலில் சேரா. ஏனெனில் நம் வீட்டு வெண்கலப் பானையிலும் அண்டாவிலும் உரியவர் பெயர் வெட்டியிருக்கும். பெயர் வெட்டிய பாத்திரம் ஒத்துக்காமல் போனதாக எந்த அத்தையும் சொன்னதில்லை. இந்தச் சின்னச் செய்தியை வாசகர் நினைவில் வைக்க வேண்டும். பின்னால் பயன்படும்.

3. நீலக்கல்: ஒரு தனி ஆய்வு

அணிவனவற்றில் தலையாயது நீலம். சனிக்கு உரிய கல். வாங்கியவர் அதைத் தலையணைக்கு அடியில் மூன்று நாள் வைத்துப் பார்க்க வேண்டும். கெட்ட கனவு வந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பரம்பரையாக வந்த நீலத்தைத் திருப்பிக் கொடுக்கக் கடை கிடையாது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கனிமவியல் சொல்வதையும் கேட்போம். நீலமும் மாணிக்கமும் ஒரே கனிமம். அதற்கு மேல்நாட்டார் வைத்த பெயரே நம் ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து போனது. அதில் கொஞ்சம் குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். ஆக இரண்டும் பங்காளிகள். ஒரு பங்காளிக்குச் சூரியன், இன்னொரு பங்காளிக்குச் சனி. ஒருவன் வீட்டில் செல்வம் கொழிக்க, மற்றவனைக் கண்டாலே தெரு கதவைச் சாத்துகிறது. கல்லுக்குள்ளேயே பாகப்பிரிவினை நடந்திருப்பது இந்த ஆய்வுக்குக் கிடைத்த முதல் துப்பு.

அடுத்து, கணக்கு. ஏழரைச் சனி எந்த நேரத்திலும் பன்னிரண்டு ராசிகளில் மூன்றைப் பிடித்திருக்கும். நான்கில் ஒரு பங்கு. எட்டுப் பேர் உள்ள குடும்பத்தில், ராசிகள் கலந்து விழுந்திருந்தால், யாருக்குமே ஏழரை இல்லாமலிருக்க நூற்றுக்குப் பத்துதான் வாய்ப்பு. மீதித் தொண்ணூறில் யாராவது ஒருவர் மாட்டியிருப்பார். அஷ்டமச் சனி, அர்த்தாஷ்டமச் சனி ஆகியவற்றையும் கூட்டிக்கொண்டால் தப்பிப்பவரைத் தேட வேண்டியிருக்கும். மோதிரம் பீரோவில் சும்மா கிடந்தாலும் அதற்கு ஓர் ஆள் எப்போதும் தயார். இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை திருநள்ளாற்றில் கூடும் கூட்டத்தைக் கண்டவர்கள் இந்தக் கணக்கை மறுக்க மாட்டார்கள்.

4. கருதுகோள்

எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினையில் நிலம் மா கணக்கில் பிரிந்தது. நெல் கலம் கணக்கில் பிரிந்தது. ரொக்கம் எண்ணிப் பிரிந்தது. தென்னைமரங்கள்கூட ஆளுக்கு இத்தனை என்று பிரிந்தன. இவற்றில் எதுவும் யாருக்கும் ஒத்துக்காமல் போகவில்லை. ஐந்நூறு ரூபாய்த் தாள் தனக்கு ஆகாது என்று சொன்ன மனிதரை இந்த ஆய்வாளர் இன்னும் சந்திக்கவில்லை. மோதிரம் ஒன்று, வாரிசு நாலு. அது சித்தப்பா கைக்குப் போன அன்று சாயங்காலமே பெரியத்தை சொன்னார்: “அது யாருக்குமே ஒத்துக்காதுடா.”

ஆகவே கருதுகோள் இது: பாகம் பிரிக்க முடியாத பொருளுக்கே சாபம் வரும், அதைக் கண்டுபிடிப்பவர் அது கிடைக்காதவராக இருப்பார். பெயர் வெட்டிய அண்டாவுக்குச் சாபம் இல்லாத காரணமும் இப்போது விளங்கும். அதில் வழக்கு இல்லை, ஆகவே வாக்கும் இல்லை.

1989-ல் தமிழ்நாட்டில் வந்த சட்டத்திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு தந்தது. நியாயமான சட்டம். ஆனால் அதற்குப் பின் ஒரு பொருளைச் சுற்றி நிற்கும் கைகள் கூடின. கிடைக்காமல் திரும்பும் கைகளும் கூடின. சட்டம் இயற்றியவர்கள் சாபவியலை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

5. கல்வெட்டுச் சான்று

இக்கருதுகோளைச் சோழர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். முதலாம் இராசராசனின் அரசி உலோகமாதேவி எடுப்பித்த வடகைலாயம் ஐயாறப்பர் கோயில் வளாகத்தில்தான் நிற்கிறது. காவிரிக்கரைக் கோயில்களுக்கு நிலமும் விளக்கும் ஆடும் கொடுத்ததைக் கல்லில் வெட்டியவர்கள், இந்தத் தர்மத்துக்குக் கேடு செய்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்ற பொருளில் முடிப்பதுண்டு. இந்த முடிப்புக்குக் கல்வெட்டு அறிஞர்கள் ஓம்படைக்கிளவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லைக்கல்லைப் பெயர்க்கும் பங்காளி இரவில் வருவான். காவலுக்கு ஆள் போட்டால் கூலி தர வேண்டும். சாபத்துக்குக் கல்தச்சன் கூலி ஒருமுறை கொடுத்தால் போதும், ஆயிரம் ஆண்டு தூங்காமல் நிற்கும். ‘சிவன் சொத்து குல நாசம்’ என்பது இதன் சுருக்கப் பதிப்பு. சிவனுக்குப் பங்காளி கிடையாது. அவர் சொத்தைப் பிரிக்க முடியாது. ஆகவே சாபம் முழு வலிமையோடு இருக்கிறது.

ஐயம் உள்ளவர்கள் பத்தூர் நடராசரைக் கேட்கலாம். அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976-ல் மண்ணிலிருந்து வெளிப்பட்டு, கைமாறிக் கைமாறி லண்டன் போனார். அங்கே கோயிலின் பெயராலேயே வழக்கு நடந்தது. கோயில் வழக்காடலாம் என்று ஆங்கில நீதிமன்றம் ஒப்பியது. 1991-ல் சிலை திரும்பியது. ஓம்படைக்கிளவி வக்கீல் வைத்து வாதாடிய வழக்கு இது ஒன்றே என்று கொள்ளலாம்.

6. அயல்நாட்டுச் சான்று

கோஹினூரை 1849-ல் பத்து வயதுச் சிறுவன் துலீப் சிங்கிடமிருந்து ஆங்கிலேயர்கள் வாங்கினார்கள். ஆண்கள் அணிந்தால் ஆகாது என்ற பேச்சு அதோடு போனது. விக்டோரியாவுக்குப் பின் அரசிகளின் முடிகளில் மட்டும் அது ஏறியது. இன்றைக்கும் இந்தியா, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் என நாலு பக்கத்திலிருந்தும் உரிமைக் குரல் கேட்கிறது. பங்காளிகள் உயிரோடு இருப்பதால் சாபமும் உயிரோடு இருக்கிறது.

கோல்கொண்டாப் பக்கத்திலிருந்து போன ஹோப் வைரத்தைப் பாருங்கள். அணிந்தவர் குடும்பத்தையெல்லாம் அழித்தது என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. 1958-ல் ஒரு நகை வியாபாரி அதை வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். தபால் தலைக்கு 2 டாலர் 44 சென்ட். இன்ஷூரன்ஸோடு சேர்த்து 145 டாலர் 29 சென்ட். கண்ணாடிக்குள் போன பிறகு அது சாதுவாகிவிட்டது. அருங்காட்சியகத்துக்கு அத்தை இல்லை.

ஸ்ரீரங்கத்துப் பெருமாளின் கண்ணிலிருந்து ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் பெயர்த்ததாகக் கதை சொல்லும் ஓர்லோவ் வைரம், ரஷ்யாவில் கிரெம்ளின் கருவூலத்தில் இருக்கிறது. அதை ஓர்லோவ் பிரபு மகாராணி கேத்தரினுக்குக் கொடுத்தார், விலகிப்போன அன்பு திரும்பும் என்று. அன்பும் திரும்பவில்லை, கல்லும் திரும்பவில்லை. இது நீலக்கல் வீட்டாருக்கு ஓர் எச்சரிக்கை.

7. கழிக்கும் முறை

ஒத்துக்காத பொருளை ஆற்றில் விட வேண்டும் என்பது பொது விதி. இதற்குத் திருவையாற்றிலேயே பெரிய முன்மாதிரி உண்டு. சரபோஜி மன்னரின் அழைப்பைத் தியாகராசர் மறுத்துவிட, கோபம் கொண்ட தமையன் அவருடைய இராமர் விக்கிரகங்களைக் காவிரியில் எறிந்தார் என்பது வழிவழிச் செய்தி. பிரிக்க முடியாத பொருள், அண்ணன் தம்பி, ஆறு: கருதுகோளின் மூன்று உறுப்புகளும் இங்கே உண்டு. ஆனால் விக்கிரகங்கள் மறுபடியும் கிடைத்துவிட்டன. ஆறு எதையும் நிரந்தரமாக வாங்கிக்கொள்வதில்லை என்பது இதனால் பெறப்படும்.

இன்னொரு நடைமுறைத் தடை மேட்டூர். 1934-ல் அணை வந்தது முதல் சாபம் கழிப்பதும் பருவத் தொழிலாகிவிட்டது. நீர் இருந்தால் ஜூன் 12-ல் திறப்பு, ஜனவரி 28-ல் மூடல். மாசி, பங்குனியில் புஷ்ய மண்டபப் படித்துறையில் நின்று மோதிரத்தை வீசினால் அது மணலில் விழுந்து பளபளக்கும். எதிர்க்கரையில் மாடு மேய்ப்பவர் அதைக் கொண்டுவந்து, “ஐயா, உங்களுதா?” என்று கொடுத்துவிட்டுப் போவார். சாபம் இரட்டிக்கும்.

8. முடிவு

ஆய்வாளர் தம் நலன்களை வெளிப்படுத்துவது ஒழுங்கு. சித்தப்பாவின் காலத்துக்குப் பின், “உங்க வீட்லயே இருக்கட்டும்ண்ணா, எங்களுக்கு ஒத்துக்கலை” என்று அவர் மகள் கொடுத்துப்போன மோதிரம், மஞ்சள் துணியில் முடிந்து எங்கள் வீட்டு அரிசிப் பானைக்குள் இருக்கிறது. அது முதல் நாலு வீடுகளிலிருந்தும் மாதம் ஒரு போன் வருகிறது. யாருக்கு உடம்பு சரியில்லை, எந்த வரன் தட்டிப்போனது, எல்லாவற்றையும் விசாரித்து, கடைசியில் மோதிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

கருதுகோளைச் சோதிக்க எண்ணி, சென்ற ஆடிப் பதினெட்டன்று படித்துறையில் எல்லோரும் சித்ரான்னத்தோடு உட்கார்ந்திருந்தபோது ஒரு யோசனை சொன்னேன். மோதிரத்தை விற்று நாலு பங்காகப் பிரித்துக்கொள்ளலாம். பிரிந்த மறுகணம் சாபம் செத்துவிடும். யாரும் பேசவில்லை. பெரியத்தை புளியோதரையைக் கீழே வைத்தார்.

“வித்துட்டா அப்புறம் எதைடா குத்தம் சொல்றது?”

நிலம் பிரிந்து, வீடு பிரிந்து, அடுப்பு பிரிந்த பிறகும் எங்களிடம் பொதுவில் இருக்கும் ஒரே சொத்து அந்தச் சாபம்தான். மோதிரம் அரிசிப் பானையிலேயே இருக்கிறது. அத்தைக்கு நேற்றிலிருந்து மூட்டுவலி, போன் வந்தது.