நைஜர் நாட்டு மராதிப் பெரியவர் ஆபீசர் தம்பிக்குச் சொன்ன புத்தி

வா தம்பி, இப்படி நிழல்ல உக்காரு. தலைநகர் நியாமேயில இருந்து 600 கிலோமீட்டருக்கு மேல ஜீப்புல குலுங்கி வந்திருக்கே. எங்க விவசாயத்தைத் திருத்தணும்னு வந்தியாமே, ரொம்ப சந்தோசம். உனக்கு முன்னால வந்தவரும் திருத்திட்டுத்தான் போனாரு. திருத்தின அடையாளமா அவர் வச்ச போர்டு மட்டும் இன்னும் நிக்குது, ஆடு உரசிக்க வசதியா இருக்கு. நானும் உனக்கு நாலு புத்தி சொல்றேன், தவறாம செய்.

முதல்ல டிராக்டரை விட்டு ஆழமா உழு. தூர் கட்டை ஒண்ணு விடாம பிடுங்கி, வயலைத் தொடைச்சு வை. பாக்க அம்சமா இருக்கும். நவம்பர்ல வடகிழக்குல இருந்து ஹர்மத்தான் காத்து கிளம்பும். சகாராப் புழுதியை வாரிக்கிட்டு வர்ற காத்துக்கு, நீ பொலபொலன்னு உழுது வச்ச மணல் எம்மாத்திரம்? நைஜீரியா எல்லை இங்க கூப்பிடு தூரம். நீயும் நானும் போனா காகிதம் கேப்பாங்க, உன் மேல்மண்ணு ஒரு காகிதமும் இல்லாம போயிரும்.

அடுத்தது விதைப்பு. மழை நமக்குத் தெற்கே கினி வளைகுடாவுல இருந்து வரணும். கடலோரத்துக்காரனுக்கு ஊத்தி, பெனினுக்கும் நைஜீரியாவுக்கும் பங்கு வச்சுட்டு, மிச்சம் மீதியோட ஜூன்ல எட்டிப் பாக்கும், செப்டம்பர்ல கிளம்பிரும். தென்கோடி காயாவுல வருசத்துக்கு 800 மில்லிமீட்டர் போல பெய்யும். மராதியில 500 பெஞ்சா நல்ல வருசம். வடக்கே அகடேஸ்ல 150கூட இல்ல. நாட்டுல மூணுல ரெண்டு பங்குக்கு மேல பாலைவனம். ஆனா உன் திட்டப் படத்துல எல்லாத்துக்கும் ஒரே பச்சை அடிச்சிருக்கே, பேஷ்!

குழிக்கு ஒரு விதைன்னு கணக்குப் போட்டிருக்கியே, அதையும் செய். நாங்க விவரம் இல்லாதவங்க. நல்ல மழை ஒண்ணு விழுந்ததும், நீளப்பிடி போட்ட கொத்தால ஒருத்தன் மண்ணைக் கொத்திக்கிட்டே முன்னால போவான். பின்னால வர்ற பிள்ளைங்க குழிக்கு ஒரு சிட்டிகை கம்பைப் போட்டு, காலாலயே தள்ளி மூடி, ஒரு மிதி மிதிச்சுட்டு அடுத்த குழிக்குப் போகும். குழிக்கும் குழிக்கும் ஒரு கஜம் இடைவெளி. முளை கூட்டமா வந்தாத்தான் இறுகின மண்ணை முட்டித் தூக்கும். பிழைச்சதுல மூணை விட்டுட்டு மத்ததைக் களைஞ்சிருவோம். புயல் காத்து வந்து பயிரை மணல்ல புதைச்சிட்டா மறுபடி விதைக்கணும். அதுக்கு விதை குதிர்ல இருக்கும். உன் திட்டத்துல மறுவிதைப்புக்குப் பக்கமே இல்ல, காகிதம் மிச்சம்.

நீ சாஞ்சு உக்காந்திருக்கியே, அந்தக் காவோ மரத்தையும் வெட்டிரு. சுத்தச் சோம்பேறி. மழையில மத்த மரமெல்லாம் தழைக்கும்போது இது இலையைக் கொட்டிட்டு மொட்டையா நிக்கும். அதனாலதான் அடியில இருக்கிற கம்புக்கு வெயில் தாராளமாக் கிடைக்குது. கொட்டின இலை எருவாகுது, வேர் காத்துல இருக்கிற தழைச்சத்தை மண்ணுல சேர்க்குது. ஊரே காஞ்சு கிடக்கிற கோடையில இது பச்சையா நின்னு ஆட்டுக்குக் காயும் தழையும் தருது. அந்தக் காலத்து ஜிந்தேர் சுல்தான் தானிமூன், காவோவை வெட்டினா தலையை வாங்குவேன்னு சொன்னாராம். நீ இந்தக் காலத்துல ஆபீசரா பொறந்தது உன் அதிர்ஷ்டம்.

வெட்டினதுக்குப் பதிலா ஆகஸ்ட் 3-ல கன்னு நடு. நம்ம சுதந்திர தினமும் அதுதான், மர தினமும் அதுதான். கொடி, பாட்டு, போட்டோ எல்லாம் அமோகமா நடக்கும். ஆனா அதுக்கப்புறம் மழைக்கு ஒண்ணரை மாசம்தான் ஆயுசு. கன்னுக்கும் அவ்வளவுதான். 1980-கள்ல டோனி ரினாடோன்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரர் இங்க வந்து, அவரும் கன்னு நட்டு நட்டுச் சாகக் கொடுத்தாரு. ஒருநாள் புதர்னு நினைச்சதைக் கிட்ட போய்ப் பாத்தா, வெட்டின மரத்தோட தூர்ல இருந்து துளிர்த்த போத்து! வேர் அடியில உசிரோட இருக்கு. நல்ல போத்து நாலை விட்டுட்டு மத்ததைக் கழிங்கன்னாரு. இந்த நாட்டுல 50 லட்சம் ஹெக்டேர் அப்படித்தான் மரமாச்சு. கன்னு வாங்கல, குழி தோண்டல, தண்ணி ஊத்தல. ஆபீஸ்காரங்களுக்கு அதுதான் மனவருத்தம், செலவுக் கணக்கு எழுத இடமே இல்லையே!

ஃபுலானி மாட்டுக்காரங்களை விரட்டி, வேலி போடுன்னும் சொன்னே. மழைக்காலத்துல அவங்க மாட்டை ஓட்டிக்கிட்டு வடக்கே இங்கால்ங்கிற ஊர்ப் பக்கம் உப்புத் தேடிப் போயிருவாங்க. அறுவடை முடிஞ்சதும் வந்து, கம்பந்தட்டையில மேய்ச்சு, வயல்ல கிடை போடுவாங்க. அது வேண்டாம், நீ உரமே வாங்கு. கடல் இல்லாத நாடு, பெனின்ல இருக்கிற கொட்டோனு துறைமுகம் நியாமேயில இருந்தே 1,000 கிலோமீட்டர். 2023 ஜூலையில ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதும் பெனினும் நைஜீரியாவும் எல்லையை மூடிட்டாங்க. பெனின்ல மலன்வில் பக்கம் லாரிங்க வரிசை கட்டி நின்னுச்சு. எல்லையைத் திறந்தாலும் மூடினாலும் மாடு சாணி போடும் தம்பி.

பிரெஞ்சுக்காரன் காலத்துல கடலை போடு, கப்பல்ல ஏத்தலாம்னாங்க. மழை பத்தாத வடக்கு வரைக்கும் கடலை போனுச்சு. 1968-ல இருந்து 73 வரைக்கும் வறட்சி அடிச்சப்போ கப்பலுக்கும் கடலை இல்ல, குதிர்லயும் கம்பு இல்ல. அதுல இருந்து ஒரே வயல்ல கம்பு, சோளம், தட்டப்பயறுன்னு கலந்து கட்டுறோம். வானம் ஒண்ணைத் தின்னாலும் ஒண்ணை விடும். பாக்க அசிங்கம்தான், வயிறு நெறையுது.

சரி, மனசு வாடாதே. இத்தனையும் நீயே கண்டுபிடிச்சதா ரிப்போர்ட் எழுதிக்க, ஊரே கைநாட்டு வைக்கும். பதிலுக்கு ஒரே ஒரு உதவி. தட்டப்பயறு அறுத்ததும் எல்லை தாண்டி வியாபாரி வந்து நிப்பான், அவன் சொல்றதுதான் விலை. வச்சிருந்தா வண்டு துளைச்சிரும். மூணு அடுக்குப் பிளாஸ்டிக் சாக்கு ஒண்ணு வந்திருக்கு. காத்துப் புகாம வாயைக் கட்டினா உள்ள இருக்கிற வண்டு மூச்சு முட்டிச் செத்துரும். விதைப்புக் காலத்துல ஊரே பசியில கிடக்கும்போது, அதே வியாபாரிக்கு நான் விலை சொல்லுவேன். டிராக்டர் காசுல அந்தச் சாக்கை வாங்கிட்டு வா. பட்டியல்ல என் பேரை முதல்ல எழுது, வயசுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?