கெட்ட குமாரனுக்கு ஒரு விளம்பரம்

2024 பிப்ரவரி 11. லாஸ் வேகாஸில் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பவுல் இறுதிப் போட்டி நடக்கிறது. அமெரிக்காவில் பன்னிரண்டு கோடிப் பேர் சிப்ஸ் பொட்டலத்தோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பீர் விளம்பரம், கார் விளம்பரம் என்று ஓடிக்கொண்டிருந்த இடைவேளையில் திடீரென்று திரை நிறையப் பாதங்கள். போலீஸ்காரர் ஒருவர் கறுப்பின இளைஞரின் காலைக் கழுவுகிறார். குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக் வாசலில் ஒரு பெண் இன்னொரு பெண்ணின் காலைக் கழுவுகிறார். எண்ணெய் வயல் தொழிலாளியும் சுற்றுச்சூழல் போராளியும்கூடத் தப்பவில்லை. ஒரு நிமிடம் கழித்து விஷயம் வெளியே வருகிறது: இயேசு வெறுப்பைக் கற்பிக்கவில்லை, கால்களைக் கழுவினார். விளம்பர இயக்கத்தின் பெயர் ‘ஹீ கெட்ஸ் அஸ்’.

ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவர்களுக்காக யாரும் இவ்வளவு செலவழிக்க மாட்டார்கள். இது பெரும்பாலும் வெளியே போனவர்களுக்கும், போகலாமா என்று செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும். பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 2007இல் அமெரிக்கர்களில் 78 சதவீதம் பேர் தங்களைக் கிறிஸ்தவர் என்றார்கள். 2023-24இல் அது 62 சதவீதம். ஒருவர் புதிதாக உள்ளே வந்தால் ஆறு பேர் வெளியேறியிருக்கிறார்கள். இப்படி ஒரு கணக்கைப் பார்த்தால் எந்த நிர்வாகமும் முதலில் விளம்பர ஏஜென்சிக்குத்தான் போன் போடும்.

சிக்கல் அங்கேதான். சோப்புக் கம்பெனியில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவரிடம் போய், ‘சோப்பு என்று ஒன்று இருக்கிறது, நுரைக்கும்’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதே பியூ மையம் 2010இல் 32 மதப் பொது அறிவுக் கேள்விகளை வைத்து அமெரிக்கர்களுக்கு ஒரு தேர்வு நடத்தியது. நாத்திகரும் அறியொணாவாதிகளும் சராசரியாக 20.9 எடுத்து முதலிடத்துக்கு வந்தார்கள். வெள்ளை சுவிசேஷ சபையினருக்கு 17.6. பைபிள் கேள்விகளை மட்டும் தனியே எடுத்தால் மார்மன்களும் சுவிசேஷ சபையினரும் முந்திவிடுகிறார்கள்; நியாயமாக அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அந்த நாத்திகர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர்கள். ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கிய கோஷ்டி.

ஆகவே பாதங்களைப் பார்த்து யாரும் கண்ணீர் விட்டுவிடவில்லை. கத்தோலிக்கராக வளர்ந்தவர்கள் ஒவ்வொரு பெரிய வியாழனும் இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள். சாமியார் கழுவப்போகும் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். சுவிசேஷ சபைகளிலிருந்து வெளியேறியவர்கள் நேராக பில்லுக்குப் போனார்கள். அந்த வருஷம் முப்பது விநாடி விளம்பரத்துக்கே சுமார் 70 லட்சம் டாலர். யார் கட்டினார்கள்? ஹாபி லாபி கடைகளின் நிறுவனர் டேவிட் கிரீன், இந்த இயக்கத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் தானும் ஒருவர் என்று முன்பே சொல்லியிருந்தார். சில வகைக் கருத்தடை முறைகளுக்கு ஊழியர் காப்பீட்டில் பணம் தர மாட்டோம் என்று உச்ச நீதிமன்றம் வரை போய் 2014இல் ஜெயித்த நிறுவனம் அது. கிளினிக் வாசல் காட்சி அதன் பிறகு வேறு மாதிரித் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

‘இந்தக் காசை ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே!’ என்பதுதான் எங்கும் கேட்ட பதில். சொல்லி வாயை மூடுவதற்குள் பழைய ஞாயிறு பள்ளி டீச்சர் மனசுக்குள் எழுந்து நிற்பார். ஏனென்றால் யோவான் 12ஆம் அதிகாரத்தில், மரியாள் விலையுயர்ந்த தைலத்தை இயேசுவின் பாதத்தில் ஊற்றியபோது, இதை முந்நூறு பணத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யூதாஸ். முந்நூறு பணம் என்றால் கூலிக்காரருக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷச் சம்பளம். கால் கழுவும் காட்சி அடுத்த அதிகாரத்திலேயே வருகிறது. விளம்பரக்காரர்கள் கையில் இவ்வளவு அழகான பதில் இருந்தது. வெறுப்பு வேண்டாம் என்று விளம்பரம் போட்டுவிட்டு, விமர்சித்தவர்களை யூதாஸ் என்று எப்படி அழைப்பது?

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. சபையை விட்டு விலகியவர்களில் பலர், ‘இயேசு இப்படிச் செய்திருக்க மாட்டார்’ என்று வாதாடினார்கள். நம்பிக்கை போய்விட்டது, வக்காலத்து மட்டும் போகவில்லை.

வெளியே இருப்பவர்களை இயேசுவிடம் அழைக்கும் படங்களில் பழையது ஒன்று, கதவைத் தட்டும் இயேசு. ஆங்கிலேய ஓவியர் ஹோல்மன் ஹன்ட் 1850களின் தொடக்கத்தில் வரைந்தார். பெரிய அளவில் பின்னர் உருவான பிரதி 1905 முதல் 1907 வரை கனடா, ஆஸ்திரேலியா என்று உலகம் சுற்றிவிட்டு லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் தங்கியது. அமெரிக்கர் வார்னர் சால்மன் 1942இல் தன் பங்குக்கு ஒன்று வரைந்தார். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளின் காலண்டர்களிலும் இந்தக் காட்சி தொங்கும். கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது, உள்ளே இருப்பவர்தான் திறக்க வேண்டும் என்ற விளக்கத்தைப் பிரசங்கத்தில் கேட்காத பிள்ளை இல்லை. வளர்ந்து வெளியேறிய பிள்ளைகள் அந்தப் படத்துக்கு எழுதிய வசனம் பிரபலம். ‘திற, உன்னைக் காப்பாற்ற வந்திருக்கிறேன்.’ ‘எதிலிருந்து?’ ‘திறக்காவிட்டால் நான் செய்யப்போவதிலிருந்து!’ பிரசங்கத்தை ஒழுங்காகக் கேட்டவரால்தான் இப்படி எழுத முடியும்.

அன்பான தட்டலுக்கே இந்தப் பதில் என்றால் மிரட்டலுக்கு? கலிபோர்னியாவின் ஜாக் சிக் கையடக்கக் காமிக்ஸ் கைப்பிரதிகளைப் போட்டுத் தள்ளினார். தமிழ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் அவை போயின. 1964இல் வந்த புகழ்பெற்ற கைப்பிரதியில் ஒருவர் செத்துப்போகிறார். அவருடைய முழு வாழ்க்கையும் பரலோகத்தில் பெரிய திரையில் ஓடுகிறது. ஆராதனையில் உட்கார்ந்துகொண்டு மேட்ச்சில் யார் ஜெயிக்கிறார்கள் என்று யோசித்ததுகூடப் பதிவாகியிருக்கிறது. அக்கினிக் கடல் நிச்சயம். அறுபது வருஷம் கழித்து மேட்ச் பார்ப்பவரை ஆராதனை பற்றி யோசிக்கவைக்கக் கோடிகள் செலவாகின்றன. சிக் 2016இல் காலமானார். சிறுவயதில் அவர் படங்களைப் பார்த்துத் தூக்கம் தொலைத்த பலர் இன்று தேடிப்பிடித்து அவற்றைச் சேகரிக்கிறார்கள்.

படங்களுக்கு அடுத்தது சிலை. ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சபை நெடுஞ்சாலையோரம் 62 அடி உயர இயேசுவை நிறுத்தியிருந்தது. இரண்டு கைகளும் வானத்தை நோக்கி. ரக்பி மாதிரியான அவர்கள் ஊர் கால்பந்தில் ‘டச்டவுன்’ எனும் புள்ளி விழுந்தால் நடுவர் அப்படிக் கையைத் தூக்குவதால் ‘டச்டவுன் ஜீசஸ்’ என்று பெயர் வந்தது. 2010 ஜூன் 14 இரவு மின்னல் தாக்கி, இரும்புச் சட்டம் தவிர மற்றதெல்லாம் எரிந்துபோனது. சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்த ஆபாசக் கடைக்கு ஒரு கீறல் இல்லை. மின்னலில் கடவுளின் நோக்கத்தைத் தேடச் சின்ன வயதிலேயே பழக்கப்பட்டவர்களுக்கு அன்று ராத்திரி பெருவிருந்து. 2012இல் கைகளை விரித்து நிற்கும் புதுச் சிலை வந்தது. அதற்கு ‘என்னைக் கட்டிப்பிடி’ என்று பட்டம்.

அடுத்த முயற்சி செயற்கை நுண்ணறிவு. சான் டியேகோ அருகே இயங்கும் கத்தோலிக்க அமைப்பான ‘கேத்தலிக் ஆன்சர்ஸ்’, 2024 ஏப்ரலில் ‘ஃபாதர் ஜஸ்டின்’ என்ற கணினிப் பாதிரியாரைக் களமிறக்கியது. நரைத்த தாடி, கறுப்பு அங்கி, பின்னால் இத்தாலிய மலை. விசுவாசம் பற்றிய சந்தேகங்களைத் தீர்ப்பது அவர் வேலை. சோதித்துப் பார்த்தவர்களிடம் அவர் தான் அசிசியில் வசிப்பதாகச் சொன்னார், ஒருவருக்குப் பாவசங்கீர்த்தனமே கேட்டு மன்னிப்பு வழங்கினார், அவசரத்துக்குக் குழந்தைக்கு கேட்டரேட் பானத்தில் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றும் அனுமதித்தார். ஓரிரு நாட்களில் நிர்வாகம் அவருடைய அங்கியைக் கழற்றிச் சாதாரணச் சட்டை மாட்டிவிட்டது. பெயர் வெறும் ஜஸ்டின் ஆனது. விலகிப் போனவர்களுக்குப் பதில் சொல்ல வந்தவர், ஒரே வாரத்தில் முன்னாள் பாதிரியார்.