அஞ்சறைப் பெட்டி ஆஸ்பத்திரி

எங்கள் வீட்டில் தும்முவதற்கு முன் யோசிக்க வேண்டும். முதல் தும்மலுக்கு அத்தை "நூறு" என்பார். இரண்டாவதற்கு "இருநூறு". மூன்றாவது வருவதற்குள் சுக்கும் மிளகும் திப்பிலியும் இடிபட்டு, கருப்பட்டியோடு அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும். அதைக் குடித்தபின் சளி இறங்குகிறதோ இல்லையோ, மறுபடி தும்மும் தைரியம் யாருக்கும் வராது. குணமாகிவிட்டது என்று அத்தை கணக்கில் எழுதிக்கொள்வார்.

இந்த வைத்தியம் தோற்றதே கிடையாது. ஜலதோஷம் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும். போனால் பேர் மிளகுக்கு. போகாவிட்டால், "ராத்திரி ஃபேனுக்கு அடியிலதானே படுத்தே?"

சித்தப்பா வாட்ஸப் வைத்தியர். மஞ்சள் தீர்க்காத நோயே இல்லை என்று தினமும் விடியற்காலையில் அனுப்புவார். மஞ்சளின் சரக்கே குர்குமின்தான். அது மஞ்சள் தூளில் 100 கிராமுக்கு 3 கிராம் போலத்தான் இருக்கும். அதையும் நம் குடல் லேசில் உள்ளே விடாது. 1998இல் பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் அதோடு மிளகின் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தார்கள். உடம்பில் சேரும் குர்குமின் 2000 சதவீதம் கூடியது. ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். "பின்னே எதுக்குடா மஞ்சள் பாலில மிளகுத்தூள் போடறோம்? பெங்களூருக்கு இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்" என்றார்.

ஆனால் அவர்கள் கொடுத்தது 2 கிராம் குர்குமின். அந்த அளவு வேண்டுமென்றால் ஒரு வேளைக்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும். அதைப் பாலில் கலக்கினால் குடிக்க முடியாது, சுவருக்கு வேண்டுமானால் பூசலாம்.

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டு அறிவியல் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் காட்டி வழக்காட, 1997இல் ரத்தானது. அத்தையைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தால் முதல் வாய்தாவிலேயே முடிந்திருக்கும்.

அத்தைக்கு ஜெயம் கிடைக்கும் இடங்களும் உண்டு. பல்வலிக்குக் கிராம்பைக் கடி என்பார். பல் டாக்டரும் கிராம்பில் இருக்கும் அதே யூஜினாலைத்தான் ஜிங்க் ஆக்சைடோடு குழைத்துக் குழியில் வைக்கிறார், பில்தான் வேறே. வாயுவுக்குப் பெருங்காயம். எங்கள் வீட்டு வாயு அடங்க ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் பிசின் வர வேண்டியிருக்கிறது. 2020இல்தான் இமாசலத்தின் லாஹுல் பள்ளத்தாக்கில் அந்தச் செடியை நட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

எனக்குப் பயமெல்லாம் வெந்தயத்தைப் பார்த்துத்தான். அதன் நார்ச்சத்து, சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், உண்மைதான். சித்தப்பா அந்தக் 'கொஞ்சம்' என்ற வார்த்தையைப் படிக்காமல், வெந்தயம் இருக்கிற தைரியத்தில் தன் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். அடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் போட்ட சத்தம் வரவேற்பறை வரை கேட்டது.

ரசத்தில் மிளகைத் தாராளமாகத் தட்டிப் போடுங்கள், வெந்தயத்தை மோரில் ஊறவைத்துச் சாப்பிடுங்கள். மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் மஞ்சள் காப்ஸ்யூல் வாங்குமுன்பும் அவரையே கேளுங்கள். அத்தை சொன்னதாக மட்டும் அவரிடம் சொல்ல வேண்டாம், அவர் வீட்டிலும் ஒரு அத்தை இருப்பார்.