சோடாபுட்டி புராணம்

நல்ல கண் கோலிக்குண்டு மாதிரி. முன்பின் நீளம் 24 மில்லிமீட்டர் சொச்சம். சில கண்கள் மட்டும் கோழிமுட்டையாக நீண்டுவிடும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் கிட்டப்பார்வையின் பவர் மைனஸ் மூன்றுக்குப் பக்கம் ஏறும். முட்டையைத் தட்டிக் குண்டாக்க முடியாதே! டாக்டர்கள் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மேல் பாய்ந்தார்கள்.

முதலில் பிடுங்கினார்கள். 1890 வாக்கில் ஆஸ்திரியப் பேரரசில் ஃபுகாலா என்பவர், எந்தப் பாவமும் அறியாத தெளிந்த லென்ஸை எடுத்தெறிந்தார். உள்ளே இருக்கும் பெரிய பிளஸ் போனால் மைனஸ் நேராகிவிடும் என்ற கணக்கு. கணக்கு சரிதான். விழித்திரைக்குத்தான் கணக்கு வராது. பலருக்குக் கழன்று போனது.

அடுத்து லண்டன். இரண்டாம் உலகப்போரில் விமானிகள் சிலரின் கண்ணுக்குள் விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் சில்லு பாய்ந்திருந்தது. கண் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. (நமக்கு ஒரு உமி விழுந்தால் தெருவே கூடி ஊத வேண்டும்.) ஹெரால்டு ரிட்லி இதைக் கவனித்து, 1949 நவம்பரில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு கண்புரை நோயாளிக்கு பெர்ஸ்பெக்ஸ் லென்ஸே வைத்துவிட்டார். வெளியில் மூச்சுவிடவில்லை. விட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்? லென்ஸின் சக்தி எக்கச்சக்கமாகி, அந்த அம்மாளுக்கு வந்த பவர் மைனஸ் 24! புரை போனது, சோடாபுட்டி வந்தது. 1951-இல் ஆக்ஸ்போர்டில் அவர் விஷயத்தை உடைத்தபோது பெரிய டாக்டர்கள் முகம் சுளித்தார்கள்.

கிட்டப்பார்வையை உண்டாக்கிய சாமானாலேயே அதைத் தீர்க்கலாம் என்று 1953-இல் இத்தாலியில் ஸ்ட்ராம்பெல்லி இறங்கினார். இயற்கை லென்ஸை விட்டுவிட்டு, கண்ணின் பாப்பாவுக்கு முன்னால் இன்னொன்று. பார்சிலோனாவில் பரகேரும் இருநூறுக்கு மேல் வைத்தார். கண்ணின் முன்படலமான கார்னியா வீங்கி, பாதிக்கு மேல் அவரே வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. மொய் எழுதியதைத் திருப்பி வாங்குவது போல.

முன்னால் சரிப்படவில்லை, பின்னால் போவோம் என்று 1986-இல் மாஸ்கோவின் ஃபியோதரவ் சட்டைக் காலர் பட்டன் வடிவில் ஒன்றைப் பாப்பாவில் மாட்டினார். அது இயற்கை லென்ஸில் உரசிப் புரையைக் கிளப்பியது.

1993-இல் வந்தது கொலாமர் லென்ஸ். பன்றிக் கொலாஜன் கலந்த மெல்லிய ஏடு, சைவர்கள் மன்னிக்க. பாப்பாவுக்குப் பின்னால் சமர்த்தாக உட்கார்ந்தது. ஆனால் கண்ணுக்குள் ஊறும் நீர் ஓடும் வழியை அடைத்தது. அதற்காக, பாப்பாவைச் சுற்றிய திரையில் லேசரால் துளை போட்டார்கள். லென்ஸிலேயே ஓட்டை போட்டால் என்ன என்று தோன்றப் பல வருஷம் பிடித்தது. ஓட்டை 0.36 மில்லிமீட்டர், பார்வைக்கு நட்டநடுவில்! ராத்திரியில் சிலருக்கு விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். விடுங்கள், சோடாபுட்டியைக் கழற்றி வைத்துவிட்டு அதையே தேடித் தடவியவர்களுக்கு வளையமெல்லாம் எம்மாத்திரம்.