பொறுத்திருந்து பார்ப்பவர்

கொரோனாத் தடுப்பூசியை முதல் ஆளாக வரிசையில் நின்று போட்டுக்கொண்டவரைப் பற்றியும், தலையே போனாலும் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று சூளுரைத்தவரைப் பற்றியும் வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. இவ்விருவருக்கும் நடுவே, ‘முதலில் நாலு பேர் போடட்டும், பார்ப்போம்’ என்னும் ஒற்றை வாசகத்தைக்கொண்டே 2021ஆம் ஆண்டின் பெரும்பகுதியைக் கடத்திய பொறுத்திருந்து பார்ப்பவர் மட்டும் ஆய்வாளர் கண்ணில் படாமல் தப்பிவிட்டார். தடுப்பூசி கைக்கெட்டும் இடத்தில் இருந்தும் அதை ஏற்கத் தாமதிப்பதையோ மறுப்பதையோ உலக சுகாதார நிறுவனம் ‘தடுப்பூசித் தயக்கம்’ என்று வரையறுத்திருந்தது. ஆனால் இவர் தாம் தயங்குவதாக எக்காலத்திலும் ஒப்புக்கொண்டதில்லை, ஆராய்ந்துகொண்டிருப்பதாகவே சொல்லிவந்தார், அவ்வாராய்ச்சிக்கு வேண்டிய தரவுகளும் தினமும் காலை ஆறு மணிக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துசேர்ந்தன.

அவருடைய கேள்விகள் அனைத்தும் அசட்டுக் கேள்விகள் என்று தள்ளிவிட முடியாது என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. ஆயிரக்கணக்கானோருக்குச் செலுத்தி ஊசியின் பலனை அளந்துபார்க்கும் மூன்றாம் கட்டப் பரிசோதனையின் முடிவு வரும் முன்பே, 2021 ஜனவரி 3 அன்று கோவாக்சின் தடுப்பூசிக்கு அவசரகால அனுமதி கிடைத்தது உண்மை. மற்றொரு தடுப்பூசியான கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கு இடையே நான்கு வாரமாக இருந்த இடைவெளி, ஆறு முதல் எட்டு வாரமாகி, ஊசிக்குத் தட்டுப்பாடு நிலவிய மே மாதத்தில் பன்னிரண்டு முதல் பதினாறு வாரமாக நீண்டதும் உண்மை. அறிவியல் சான்றின்படியே நீட்டித்ததாக அரசு கூறியது; கையிருப்பின்படி நீட்டித்ததாக இவர் கூறினார். ஆனால் கேள்வியைக் கிளப்புவதில் காட்டிய சுறுசுறுப்பை விடையைத் தேடுவதில் அவர் காட்டவில்லை. கோவாக்சினின் மூன்றாம் கட்ட முடிவு, அதாவது நோய் அறிகுறி வராமல் காப்பதில் அதன் செயல்திறன் 77.8 விழுக்காடு என்னும் கணக்கு, நவம்பரில் லான்செட் ஆய்விதழில் வெளிவந்தபோது, அத்தகவல் அவருடைய வாட்ஸ்அப் குழு எதற்கும் வந்து சேரவில்லை.

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டு, மற்றவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்திவிட்டு, 17 அன்று மாரடைப்பால் இறந்தது தமிழகத்தையே உலுக்கிய துயரம். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைப் பேரன் பேத்திகளுக்குச் சொல்லி வளர்த்த இவரோ, அன்று காக்கையின் மீதே வழக்குத் தொடுத்தார்.

அரசின் மீது இவருக்கு இருந்த அவநம்பிக்கை முழுமையானதும் அல்ல. நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலிய நோய்களுக்கு வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது, அதன் தன்னார்வலரான பெண்ணை நாற்காலி போட்டு வரவேற்றவர் இவர். பிரஷர் பார்ப்பதற்காகச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டால், இடது தோளுக்குக் கீழே, காசநோய்க்காகக் குழந்தைப் பருவத்தில் அரசு போட்ட பிசிஜி ஊசியின் தழும்பு வட்டமாகத் தெரியும். அந்தக் கையை நீட்டியபடியே அவர், அரசு போடும் ஊசியை எப்படி நம்புவது என்று கேட்பார். கேட்டு முடித்ததும், எந்தக் கம்பெனி என்று அட்டையைத் திருப்பிக்கூடப் பாராமல் மாத்திரையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். “சார், இதுக்கு மட்டும் ஒரு கேள்வியும் கேக்க மாட்டேங்கறீங்களே?” என்று அப்பெண் கேட்டால், “மாத்திரை வேறம்மா, ஊசி வேற” என்பதே விடை.

பொறுப்பு என்னும் கருத்தாக்கத்திலும் அவருக்குத் தனிக் கொள்கை உண்டு. ஊசி போட்டு ஏதேனும் நேர்ந்தால் கலெக்டர் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க வேண்டும். ஊசி போடாமல் ஏதேனும் நேர்ந்தால் படுக்கையும் ஆக்சிஜனும் தயாராக வைத்திருக்கும் பொறுப்பும் கலெக்டருடையதே. போதுமான பேர் எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டால் கிருமி பரவ வழியின்றி எஞ்சியோரும் காப்பாற்றப்படுவார்கள் என்பதைச் சமூக எதிர்ப்பாற்றல் என்பர். இதை அவர் நன்கு அறிந்திருந்தார். தெருவில் நாலு பேர் போட்டுக்கொண்டால் தமக்கும் சேர்த்தே ஆயிற்று என்று கணக்கிட்டிருந்தார். அந்த நாலு பேரும் தத்தம் நாலு பேரில் ஒருவராக இவரைக் கணக்கிட்டிருந்ததுதான் அவர் அறியாதது.

இத்தகையோரை வழிக்குக் கொண்டுவர நிர்வாகம் கையாண்ட உத்திகள் தனி நூலுக்கு உரியவை. செப்டம்பர் 12 முதல் ஞாயிறுதோறும் மெகா முகாம்கள் நடந்தன. ஊசி போட்டால் கறியும் மதுவும் கூடாது என்னும் நம்பிக்கையால் ஞாயிற்றுக்கிழமை பலர் ஒதுங்குவது தெரிந்ததும், அக்டோபரில் முகாம் சனிக்கிழமைக்கு மாறியது. நீலகிரி மாவட்டத்தில் டாஸ்மாக் கடையில் பாட்டில் வாங்கத் தடுப்பூசிச் சான்று கேட்கப்பட்டது. கோவளத்தில் தொண்டு அமைப்பினர் பிரியாணியும் குலுக்கலில் தங்கக் காசும் கொடுத்தார்கள். குடிமக்களின் நாக்கை இவ்வளவு நுட்பமாக அறிந்து வைத்திருந்தவர்கள், அவர்களுடைய கேள்விகளுக்கும் அதே நுட்பத்தோடு விடை சொல்லியிருந்தால் பிரியாணிச் செலவு சற்றுக் குறைந்திருக்கக்கூடும்.

இவரோ பிரியாணிக்கும் மசியவில்லை, வாதத்துக்கும் மசியவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பேறுகாலம் நெருங்கி, விமானம் ஏறச் சான்றிதழ் வேண்டும் என்று தெரிந்த மறுநாளே முகாமில் முதல் ஆளாக நின்றார். எவரையும் தடுப்பூசி போடக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பொதுநலன் கருதி அரசு தகுந்த கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்னும் மறுபாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் எல்லாருக்கும் அனுப்பினார். இரத்தம் உறைவதோடு தட்டணுக்களும் குறையும் அரிய கோளாறு தன் ஊசியால் நேரக்கூடும் என்று, கோவிஷீல்டை உருவாக்கிய ஆஸ்ட்ராசெனகா நிறுவனம் பிரிட்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட செய்தி 2024இல் வெளியானதும், “அன்றைக்கே சொன்னேனே” என்றார். அவ்வபாயம் 2021இலேயே மருத்துவ உலகம் வெளிப்படையாகப் பேசியதுதான் என்பது அவர் காதில் ஏறவில்லை. ஏனெனில் அதற்குள் தெருவில் டெங்கு பரவத் தொடங்கியிருந்தது, அதற்கு இன்னும் ஓர் ஊசி கொண்டுவராமல் இந்த அரசாங்கம் என்னதான் செய்துகொண்டிருக்கிறது என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.