ஊர்ச்சந்தைக்கு வந்த ரோஸ் சனங்க

வாடா பேராண்டி, வா. கொலுவுல ஊர்ச்சந்தை வைக்கப்போறேன்னு விளாச்சேரியிலேருந்து வண்ணமடிக்காத மண்ணு பொம்மையா வாங்கிட்டுப் போனயே, அத நீ தீட்டி முடிச்ச அழக உங்கம்மா போன்ல காட்டுனா. வெத்தலக் கெழவி, கீரக்காரி, மூட்ட தூக்குற ஆளு, கடை போட்ட செட்டியாரு, அம்புட்டுப் பேரும் ஒரே ரோஸு. எந்த ஊருச் சந்தைடா அது? சூரியன் எட்டிப் பாக்காத ஊரா? இல்ல, கீர விக்கிறதுக்கு முன்ன எல்லாரும் பியூட்டி பார்லர் போயிட்டு வந்தாகளா?

கேட்டா, சீசாவுலயே "ஃப்ளாட் ஃப்ளெஷ்"னு ஒட்டியிருந்துச்சு தாத்தாங்கிற. யாரு சதைன்னு கேட்டியா? ஸ்பெயின்காரன் வல்லேஜோவும் விக்கிறான், ஜப்பான்காரன் டாமியாவும் விக்கிறான். ஐரோப்பாச் சிப்பாயி பொம்ம மூஞ்சிக்கு அது கச்சிதமாப் பொருந்தும், நான் இல்லைங்கல. நம்ம கீரக்காரி எந்தப் பட்டாளத்துல இருந்தா? அமெரிக்காவுல கிரேயோலான்னு மெழுகுக்குச்சி கம்பெனி, அவனும் ஒரு காலத்துல இந்த ரோஸுக்கு ஃப்ளெஷ்னுதான் பேரு வச்சிருந்தான். 1962-ல அவனே "பீச்"னு மாத்தி, பழத்துத் தலையில கட்டிட்டு ஒதுங்கிக்கிட்டான். வெவரமானவன்.

சரி, சீசா எத்தன வாங்குன? அலமாரி நெறயவா? ஆன்டர்ஸ் ஸோர்ன்னு சுவீடன் நாட்டு ஓவியர் ஒருத்தரு, 1860-ல பொறந்து 1920-ல போய்ச் சேந்தவரு. மஞ்சக்காவி, சிவப்பு, கருப்பு, வெள்ளை, இந்த நாலையும் வச்சே மனுசத் தோலுக்கு உசுரு குடுப்பாருன்னு பேரு வாங்குனவரு. அமெரிக்க சனாதிபதி டாஃப்ட்டு கூட அவரு முன்னால போய் ஒக்காந்தாரு. உன் முன்னால ஒக்காந்தது மண்ணுக் கெழவி. அவளுக்கு நாப்பது சீசா. பணம் இருக்குறவன் செலவழிக்கட்டும், எனக்கென்ன.

நம்ம மாநிறம் வேணும்னா சொல்றேன், ரூவா வாங்க மாட்டேன். பர்ன்ட் சியன்னா ரெண்டு பங்கு, எல்லோ ஆக்கர் ஒரு பங்கு, பர்ன்ட் அம்பர் அரப் பங்கு, வெள்ளைய பிரஷ் முனையில தொட்டு வை. அங்கேருந்து ஆளுக்குத் தக்கன கூட்டிக் கொறச்சுக்க. நெழலுக்குன்னு கருப்பு சீசாவத் தொறக்காத. மஞ்சளோட கருப்பு சேந்தா பச்ச தட்டும். அப்புறம் கீரக்காரி எது, கீர எதுன்னு தெரியாது. ஸோர்ன் கருப்பு வச்சாரேங்காத, அவரு கருப்ப நீலத்துக்குப் பதிலாப் பழக்கி வச்சிருந்தாரு. நீ அதே கலவையில அம்பரக் கூட்டி, அல்ட்ராமரைன் நீலத்த ஒரு பொட்டு விடு. வெளிச்சம் படுற எடத்துக்கு வெள்ளைய அள்ளி அப்புனா சாம்பல் பூத்துரும். ஆக்கரும் துளி ஆரஞ்சும் சேத்து ஏத்து, கடேசியா மூக்கு நுனியில மட்டும் கொஞ்சமா வெள்ள.

உனக்கு அவசரம் சாஸ்தி. ஒரே பூச்சுல முடிச்சுட்டு சீரியல் பாக்கப் போகணும். சாயம் நீர்மோர் பதத்துல இருக்கணும்டா. ஒரு பூச்சு பூசி, நல்லாக் காயவிட்டு, அதுமேல அடுத்தது. அரகொறையாக் காஞ்சதுல பிரஷ்ஷ இழுத்தா, அடியில இருக்கிறதும் சேந்து உரிஞ்சு வந்துரும். அதுக்குன்னு தண்ணிய ஊத்திக்கிட்டே போனா சாயத்துக்குப் பிடிமானம் கெட்டுப்போகும். மேட் மீடியம் கலந்துக்க. இன்னொண்ணு, அக்ரிலிக்குல இருக்கிற பசை ஈரத்துல வெளுப்பா இருக்கும், காஞ்சதும் தெளிஞ்சுரும். அதனால நிறம் ஒருபடி இருட்டிப்போகும். அட்டையில தடவிக் காயவச்சுப் பாக்காம மூஞ்சியில வைக்காத. நம்ம ஊரு வெக்கையில தட்டுல இருக்கிற சாயம் நீ போன பாக்குறதுக்குள்ள இறுகிரும். வெட் பேலட்டுன்னு கடையில விக்கிறான். உங்கம்மாகிட்ட ஒரு டிபன் டப்பா கேளு. உள்ள நனச்ச ஸ்பாஞ்சு, மேல பட்டர் பேப்பரு, தீந்துச்சு சோலி.

இம்புட்டும் யூடியூப்காரனும் சொல்லுவான். அவன் சொல்லாதது, சந்தைக்குப் போயி ஆளப் பாருங்கிறது. ஒரு ஒடம்புல ஒரு நிறமா இருக்கு? நெத்தியில மஞ்ச தட்டும். கன்னம், மூக்கு, காது மடல்ல ரத்தம் தெரியும். செரைச்ச தாடையில லேசா நீலம் ஓடும். நம்ம ஆளுகளுக்கு முட்டி, முழங்கை, வெரல் கணு, பின்கழுத்து எல்லாம் கருத்துக் கெடக்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளுத்திருக்கும். நீ என்னடான்னா உள்ளங்கைக்கும் முட்டிக்கும் ஒரே சீசா. கெழவி ஒதட்டுல வேற செக்கச்செவேல்னு லிப்ஸ்டிக். வெத்தல போட்ட செவப்புன்னு சமாளிக்காத, அது ஓரத்துல காவியேறி நிக்கும். ஒதடு பழுப்பும் ஊதாவும் கலந்த நிறம். வெளிச்சம் மேலேருந்து வர்றதால மேலொதடு இருட்டு, கீழொதடு வெளிச்சம்.

மூட்ட தூக்குறவனுக்கு முதுகும் தோளும் ஒரு நிறம், வேட்டி மறச்ச எடம் வேற நிறம். தலப்பாவ அவுத்தா நெத்தியில கோடு கிழிச்ச கணக்கா வெளுப்பு தெரியும். கீரக்காரி ரவிக்கக் கை கொஞ்சம் வெலகுனாலே வெயில் தொட்டதும் தொடாததும் தெரிஞ்சுரும். கருத்த தோளு உச்சி வெயில்ல மினுங்கும். மேல வானத்து நீலம் கூட ஒட்டும். அந்த எடத்துல சாட்டின் வார்னிஷ் ஒரு தொடு தொடு, வேர்வ தன்னால வந்துரும்.

கண்ணுக்கு வருவோம். உன் செட்டியாரு ஏன்டா பேயறஞ்சு நிக்கிறாரு? கண்ணு வெள்ளையில சுத்த வெள்ளைய வச்சு, நடுவுல கருப்ப மெதக்க விட்டுட்ட. வெள்ளைய கொஞ்சம் மங்கலாக்கு, கருவிழி மேலிமையில போயி முட்டட்டும், கடன் கேட்டு வந்தவனப் பாக்குற பார்வ வந்துரும். சாமி சிலைக்குத்தான் கண்ணக் கடேசியில தொறப்போம். இது செட்டியாரு பொம்ம. கண்ண மொதல்ல தீட்டிரு. கோணிப்போனா சுத்தித் தோல் நிறத்த வச்சே சரிபண்ணிக்கலாம், சாமிகுத்தம் ஒண்ணுமில்ல.

இப்ப பாரு. மூட்டக்காரன ரெண்டு படி இருட்டாத் தீட்டி, குடைக்குக் கீழ ஒக்காந்த செட்டியார ரெண்டு படி வெளுப்பாத் தீட்டி, பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. யாரு வெயில்ல நிக்கிறா, யாரு நெழல்ல ஒக்காந்து காசு எண்ணுறான்னு கொலு பாக்க வந்த பச்சப்புள்ளைக்கும் வெளங்கும். தோலுங்கிறது ஆளு என்ன சோலி பாக்குறான்னு சொல்ற கணக்குடா. அத ஒரே ரோஸுல அழிச்சிட்டு, ஊர்ச்சந்தைன்னு அட்ட வேற எழுதி ஒட்டியிருக்க.

போ, போயி எல்லாத்தையும் மறுபடி தீட்டிட்டு வா. அப்புறமா, தரகர்கிட்ட "பொண்ணு கலரா இருக்கணும்"னு சொல்லி அனுப்பிருக்கயாமே, அதையும் ஒக்காந்து பேசுவோம். வரும்போது ஒரு கண்ணாடியும் எடுத்துட்டு வா.